குடத்துக்குக் கோமணம்

நம் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வேட்டியையோ புடவையையோ கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைப் பாருங்கள். கொத்தமல்லி விதை அளவில் ஒரு சுருங்கிய தழும்பு இருக்கிறதா? இருந்தால் நீங்கள் நம் ஆள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், "கால்ல இருந்து புழு வருமா? சும்மா இரு பாட்டி" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் நம்பாததில் எனக்குச் சந்தோஷம்தான். அதை விரட்டியவர்கள் யார் என்று தெரியாமலே வளர்கிறார்களே என்பதில்தான் கொஞ்சம் எரிச்சல்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பொதட்டூர்பேட்டைக்குப் போகிற ரோட்டோரத்தில் எங்கள் தெரு. எல்லாம் கூலி வேலை செய்கிற குடும்பங்கள். பாதி வீட்டில் முருகன் படம், பாதி வீட்டில் சிலுவை. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் காவடி எடுப்பார், தம்பி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீர்த்தனை பாடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா நகரிப் பக்கத்து மிஷன் குடும்பத்துப் பெண். அவளைக் கட்டிக்கொள்வதற்காகக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. நைனாவின் அண்ணன், அதாவது என் பெரிய நைனா, தெருவுக்குப் பெரியதனக்காரர். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வருஷமும் காவடி தவறாதவர். சாமி இரண்டாக இருந்தாலும் எல்லாருக்கும் கிணறு ஒன்றுதான்.

அது படி வைத்த கிணறு. குடத்தோடு இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மொண்டுகொண்டு வர வேண்டும். பாசி பிடித்த கருங்கல் படிகளின் குளிர்ச்சி இப்போதும் என் உள்ளங்காலில் இருக்கிறது. பங்குனி வெயிலில் தெருவே கொதிக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் அந்தப் படிகளில்தான் கிடப்போம். அதே பங்குனியில்தான் அதுவும் வரும்.

முதலில் ஒரு அரிப்பு. அப்புறம் நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல், கொப்புளம். கொப்புளம் உடைந்தால் வெள்ளையாக ஒரு நூல் எட்டிப் பார்க்கும். நரம்புச் சிலந்தி என்று அதற்குப் பேர். அந்த நூலை ஒரு ஈர்க்குச்சியில் கட்டி, நாளுக்கு ஒரு சுற்றாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கி, சீழ் பிடித்து, மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான்.

நைனாவுக்கு வருஷம் தவறாமல் வந்தது. வலியிலும் வாய் மட்டும் அடங்காது. "லெந்து காலம் வந்தா இந்த வூட்ல உபவாசத்துக்குன்னு தனியா ஜெபம் வாணாமே. எங்காலே பாத்துக்கும்" என்பார் அம்மாவிடம், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களைச் சொல்லி. அவர் படுத்தால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் உலை இல்லை. நான் சொல்லவந்த வருஷத்துக்கு முந்தின கோடையில் அவருக்குப் புழு அறுந்துபோனது. கால் மரக்கட்டையாக வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இன்னொரு தடவை இப்படி அறுந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினார்.  அன்றைக்கு வழியெல்லாம் நைனா ஒரு தமாஷ்கூடப் பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறு பங்குனியில் நைனாவின் காலில் மறுபடியும் கொப்புளம் கிளம்பியது. அந்தச் சமயம் பார்த்து தெருவில் தண்டோரா வந்தது. "நரம்புச் செலந்திய ஒழிக்கணும்! அல்லாரும் ஒத்தாசை பண்ணணும்! சுகாதார இன்ஸ்பெட்டரு ஐயா வர்றாரு!"

பெரிய நைனா சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். அரசாங்கமே வந்து ஒத்தாசை கேட்கிறது, சும்மாவா? தெருவில் ஒரு சிலந்தி உயிரோடு இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். ராத்திரி தூங்கும்போது சிலந்தி காலில் மூத்திரம் பெய்துவிட்டுப் போகும், அது நரம்பில் ஏறிப் புழுவாகும் என்பதுதான் எங்கள் தெரு வைத்தியம். அப்புறம் கேட்பானேன்! மூங்கில் கழியில் துடைப்பம் கட்டி ஒவ்வொரு கூரையாகக் குத்தினார்கள். வேப்பந்தழையைப் போட்டுப் புகை மூட்டினார்கள். தும்மலும் இருமலுமாகத் தெருவே ஒரு வாரம் அழுதது. பிள்ளைகளுக்கு அந்த மாதிரி திருவிழா அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பிடித்ததையெல்லாம் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு நிரப்பினோம். பாவம் சிலந்திகள். அவை போனதும் வீட்டுக்கு வீடு கொசு இரண்டு பங்கானது.

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். ஒல்லி ஆள், காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி. பெரிய நைனா இரண்டு கையாலும் குப்பியை நீட்டினார்.

"இன்னாய்யா இது?"

"செலந்திங்க. தேடிப் பாத்தாலும் இனிமே ஒண்ணு கெடைக்காது."

அவர் குப்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சிரித்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். நல்லவேளை, சிரிக்கவில்லை. ரோட்டோரத்துச் சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். "நீங்க சொன்னத செஞ்சிட்டீங்க. இதுக்குச் செலந்தின்னு பேரு வெச்சான் பாருங்க, அவனத்தான் ஒதைக்கணும்" என்றார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்க பக்கம் செலந்தின்னு சொல்ல மாட்டோமுங்க. தெலுங்குல நாரி குருப்பு. நாரு மாரி வர்ற கொப்புளம். அதுல பூச்சி பேரே கெடையாது."

"அப்பிடிச் சொல்லும்மா!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "நாருதான். நாரு மாரி ஒரு புழு. அது கூரையில இருந்து வர்ல. வாங்க, எங்க இருந்து வருதுன்னு காட்றேன்."

கிணற்றிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை மொள்ளச் சொன்னார். வெயிலில் தூக்கிப் பிடித்து, பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். நாம் தெளிவென்று நினைத்துக் குடித்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக உயிருள்ள துகள்கள் துள்ளிக்கொண்டிருந்தன. புண்ணோடு ஒருவர் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு குஞ்சுகளை விடும், அந்தக் குஞ்சுகளை இந்தத் துகள்கள் தின்னும், துகள்களை நாம் குடிப்போம், உள்ளே போனது ஒரு வருஷம் வளர்ந்து காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

எரிச்சல் தாங்காத நைனாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போய்ப் படியில் உட்காரவைத்து, காலைத் தண்ணீரில் நனைக்க வைப்பவள் அம்மா. அத்தனை பேர் நடுவில், பெரிய நைனா நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள். "அப்போ இவரு காலு நனைச்ச தண்ணியத்தான் நானு இவருக்கே மொண்டு குடுத்துகினு இருந்தேனா?" என்றாள். 

இன்ஸ்பெக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கெட்டியான துணியை மடித்துக் குடத்து வாயில் கட்டி, வடிகட்டிய தண்ணீரையே குடிப்பது. இன்னொன்று, படிகளை அடைத்துச் சுவர் எழுப்பி, மேலே நின்று கயிற்றால் சேந்துவது.

துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம் அது, ரேஷனில் அளந்துதான் கொடுப்பார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். கட்டுகிற புடவையையே கிழியக் கிழியத் தைத்துக் கட்டினோம். அம்மா நைனாவின் வேட்டி ஒன்றைக் கிழித்து முதல் துணியைக் கட்டினாள். பார்த்த ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மனுசனுக்கே துணி இல்ல, கொடத்துக்குக் கோமணமா?"

"உங்களுக்குக் கட்டி இன்னா பிரயோசனத்தக் கண்டோம்? கொடத்துக்குக் கட்டினா காலாவது மிஞ்சும்" என்றாள் அம்மா.

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆண்களின் சிரிப்பு அமுங்கிப்போனது. அன்றிலிருந்து அதற்குப் பேரே கோமணம். "இன்னாடி, கோமணம் கட்டினியா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்குள் நுழைவாள். பொதட்டூர்பேட்டைத் தறி வீடுகளுக்கு நூல் சுற்றப் போகிற பெண்கள், தறியில் அறுத்துப்போட்ட கடைசித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். காவல் காக்கிற வேலை எங்களுடையது. எந்த வீட்டிலாவது துணி கட்டாத குடத்தைப் பார்த்தால் வாசலில் நின்று, "அம்மணக் கொடம்! அம்மணக் கொடம்!" என்று கத்துவோம். அதற்கு மேல் எந்த வீட்டுக்காரிக்கு மானம் தாங்கும்? சித்திரை முடிவதற்குள் தெருவில் ஒரு குடம்கூட அம்மணமாக இல்லை.

படி விஷயம் அப்படி முடியவில்லை. பெரிய நைனா குறுக்கே நின்றார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலைக்கோயிலுக்குள் எங்கள் சனமும் போகலாம் என்று சட்டம் வந்த புதிது. சட்டம் வந்துவிட்டதே தவிர, ஊர்க் குளங்களில் எங்கள் சனம் இறங்கினால் இன்னும் முறைப்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராப் பக்கத்திலிருந்து நடந்து வருகிற நம் சனங்கள், மலை ஏறுமுன் கால் கழுவ இறங்குகிற இடம் எங்கள் கிணறுதான். அதுதான் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே பெருமை.

"நம்ம சனம் தலை நிமுந்து எறங்கறதுக்கு இருக்கற ஒரே படி இது" என்றார் பெரிய நைனா. "இந்த வருசம் கூட்டம் இன்னும் ஜாஸ்தி வரும். படிய மூடினா அவங்க எங்க போயி காலு கழுவுவாங்க? ஏம்மா, நீ வேதக்காரி. காவடியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கணவனின் அண்ணனுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற வழக்கம் இல்லை. இன்ஸ்பெக்டரும் வற்புறுத்தவில்லை. "ஆளு வெச்சு நானே மூடிடலாம். நானு மூடினா நானு போன மறுநாளே ஒடைச்சிடுவீங்க. நீங்க மூடினாத்தான் அது மூடினது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நைனாவின் கால் அந்தப் படிகளில் அல்லவா இருந்தது! வடிகட்டிய தண்ணீரை வீட்டில் குடிப்பார், சரி. வேலைக்குப் போகிற வழியில் தாகம் எடுத்தால் படியில் இறங்கி இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்காமல் இருப்பாரா? யார்தான் இருப்பார்கள்?

அம்மாவுக்கு யோசனை எங்கிருந்து வந்தது என்று அவளே பின்னால் சொன்னாள். அந்த வருஷம் பெரிய வியாழக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவின அதிகாரத்தை வாசித்தார்கள். வருஷா வருஷம் வாசிப்பதுதான். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அது திடீரென்று வேறு மாதிரி புத்தியில் பட்டதாம். முறத்தை அப்படியே போட்டுவிட்டுப் பெரியம்மாவிடம், அதாவது பெரிய நைனாவின் சம்சாரத்திடம், ஓடினாள்.

"படிய மூடினா காலு கழுவ எடம் இல்லன்னுதானே பாவா சொல்றாரு? அவங்க ஏன் எறங்கணும்? நாம மேல நின்னு கழுவி வுடுவோம்கா."

பெரியம்மா காவடிக் குடும்பத்தில் பிறந்தவள்.  "சும்மாத் தண்ணி வாணாம்டி. மஞ்சளும் வேப்பலையும் போடு. அதான் மொறை" என்றாள். புருஷன் படியை மூடக்கூடாது என்று நிற்கிறவர், பெண்டாட்டி அதே கிணற்றுக்கு மஞ்சள் அரைக்கிறாள். எங்கள் தெருப் பெண்களை லேசாக நினைக்காதீர்கள்.

ஆடிப் பரணி அன்று விடிந்ததிலிருந்தே ரோட்டில் கூட்டம். மஞ்சள் துணி, பூக்காவடிகளின் சாமந்தி வாசனை, பம்பைச் சத்தம், "அரோகரா!" பெரிய நைனா மேல்படியில் கை கட்டி உட்கார்ந்து, "வாங்க, வாங்க, எறங்குங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிணற்றின் எதிர்ப்பக்கம் நைனா. புண் ஆறி, கட்டு மட்டும் இருந்த காலை நீட்டி உட்கார்ந்து, தாம்புக்கயிற்றால் சேந்திச் சேந்திக் கொடுத்தார். அம்மாவும் பெரியம்மாவும் மற்றப் பெண்களும் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். நாங்கள் வேப்பிலை கிள்ளிப் போட்டோம்.

முதலில் வந்தவர் ஒரு தெலுங்குக்காரர். வயசானவர், தோளில் கனமான காவடி. காவடியைத் தரையில் இறக்கக்கூடாதாம். வைத்திருக்க ஆள் கிடைத்தால்தான் படியில் இறங்க முடியும். சுற்றுமுற்றும் தேடினார்.

"எறக்க வாணாம் சாமி. அப்பிடியே நில்லுங்க" என்றாள் அம்மா.

குனிந்து, வெடித்துப்போயிருந்த அந்தப் பாதங்களில் தண்ணீரை ஊற்றினாள். புழுதி கரைந்து ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை காலமாக எத்தனை கிணற்றடியில் விரட்டப்பட்டவரோ! தன் காலில் ஒருத்தி குனிந்து தண்ணீர் ஊற்றுவாள் என்று நினைத்திருக்கவே மாட்டார். "சல்லகா உண்டம்மா" என்றார், குளிர்ச்சியாக இரு தாயே என்று. அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அப்புறம் என்ன? காவடியை இறக்காமலே கால் கழுவிவிடுகிறார்கள் என்ற சேதி ரோடு முழுக்கப் பரவியது. கூட்டம் மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பியது. படியில் பெரிய நைனா தனியாக உட்கார்ந்திருந்தார். "எறங்குங்க, எறங்குங்க" என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. மத்தியானத்துக்கு மேல் பெரியம்மாவே போய் அவருக்குக் கூழ் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் கிருத்திகை. பெரிய நைனா நீறு பூசி, மஞ்சள் வேட்டி கட்டி, காவடியோடு வந்தார். தெருவே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. படி ஓரம் வந்து நின்றார். காவடியை யாரிடம் கொடுப்பது என்று பார்ப்பதுபோல் ஒரு முறை பார்த்தார். பிறகு கிணற்றைச் சுற்றிக்கொண்டு நேராக அம்மாவின் முன்னால் வந்து நின்றார். மலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊத்துறியாம்மா, நிக்கவா?"

அம்மா ஊற்றினாள். நின்ற இடத்திலேயே அவர் காலை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். "ஜில்லுனு கீது" என்றார். நாலு அடி போனவர் திரும்பி, "கிருத்திகை போவட்டும். கல்லு நானு கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்க்க நடந்தார். "அரோகரா" என்று முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? வேதக்காரரான எங்கள் நைனாதான்!

சொன்னபடி கல் வந்தது. கோமணம் என்று சிரித்த ஆண்கள்தான் மலையடிவாரத்திலிருந்து சுமந்துவந்தார்கள். பெண்கள் சுண்ணாம்பு அரைத்தார்கள். பிள்ளைகள் மணல் அள்ளினோம். படிகள் அடைபட்டு, சுற்றிலும் இடுப்பளவுச் சுவர் எழும்பி, மேலே ராட்டினம் ஏறியது. முதல் வாளித் தண்ணீர் கிரீச் கிரீச்சென்று மேலே வந்தபோது எனக்கு உண்டான கர்வம், பிற்பாடு என் பிள்ளைகள் பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட உண்டானதில்லை.

ஆனால் மறு கோடையில் சிலருக்கு மறுபடியும் புழு வந்தது. நைனாவுக்கும் வந்தது. "கோமணமும் கட்டியாச்சு, படியும் போச்சு, இன்னா ஆச்சு பாத்தீங்களா?" என்று வாயைத் திறந்தவர்களைப் பெரிய நைனா ஒரே பிடியாகப் பிடித்தார். "உள்ள போனது ஒரு வருசம் இருந்துதான் வெளிய வரும்னு அந்த மனுசன் சொன்னாரே, உன் காது அவிஞ்சா போச்சு? இது நம்ம பழைய பாக்கிடா!"  அம்மா நைனாவின் காலைத் தன் மடியில் வைத்து, நாளுக்கு ஒரு சுற்று, ஒரே சுற்று, மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினாள். கால் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டாள். புழு அறுபடாமல் முழுசாக வெளியே வந்த அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

அதற்கடுத்த சித்திரையில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, நிறையக் கட்டுத்துணியும் மருந்தும். மத்தியான வெயில். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார், பதில் இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் சாத்திக் கிடந்தன. எங்கள் வீட்டு வாசலில் நைனாவின் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏதோ விபரீதம் நடந்து சனம் ஊரைக் காலி பண்ணிவிட்டது என்றே நினைத்துவிட்டார் போல.

கிணற்றடியில் பெரிய நைனா ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கய்யா போனாங்க அல்லாரும்? சீக்காளிங்க எல்லாம் எங்க?"

பெரிய நைனா அவசரப்படவில்லை. ராட்டினத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

"திருவாலங்காட்டுப் பக்கம் நவரை நெல்லு அறுப்புங்க. எந்தம்பிதான் முன்னால போறான். வூட்ல படுத்துகினு இருக்கறதுக்கு யாரும் இல்ல. அல்லாருக்கும் காலு கீது, போயிட்டாங்க."